பத்து ஆராங்கில் ஏன் உயரமான கட்டடமே இல்லை? காலுக்குக் கீழே ஒரு சுரங்கம்!

[திரையில்: பத்து ஆராங் கடைத்தெரு, பழைய செங்கல் சூளையின் புகைபோக்கி]

வணக்கம் மக்களே! மலேசியாவின் சிலாங்கூரில், ரவாங்கில் இருந்து கொஞ்ச தூரம்தான் பத்து ஆராங். ரவாங்கில் அடுக்குமாடி மேல் அடுக்குமாடியாக எழும்பிக்கொண்டே போகிறது. இங்கே வந்தால் எல்லாம் தாழ்ந்த கூரை. இரண்டு மாடிக்கு மேல் கட்ட விடுவதில்லை. பணம் இல்லையா, ஆள் இல்லையா? அதெல்லாம் இல்லை. இந்த ஊருக்கு அடியில் தரை முழுசாக இல்லை!

சரி, வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 1908-இல் இங்கே நிலக்கரி இருப்பது தெரிய வந்தது. 1913-இல் மலாயன் கோலியரிஸ் கம்பெனி உருவானது. 1915-இல் குவாங்கில் இருந்து ரயில் பாதை வந்தது, கரியும் வெளியே போகத் தொடங்கியது. மலாயாவின் ரயில்கள், ஈயச் சுரங்கங்களின் நீராவி இயந்திரங்கள், பின்னால் பங்சார் மின் நிலையம், எல்லாம் இந்தக் கரியில்தான் ஓடின. கம்பெனியை நடத்தியவர் ஜே.ஏ. ரஸ்ஸல். இவரே 1929-இல் கேமரன் மலையில் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தையும் தொடங்கினார். நீங்கள் இப்போது கையில் 'போ' தேயிலையில் போட்ட தே தாரேக்கோடு இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தத் தேயிலையைத் தொடங்கியவரும் இந்தக் கரிக் கம்பெனியை நடத்தியவரும் ஒருவரே.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

ஆனால் ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொழிலாளர்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் இங்கே உழைத்தார்கள். 1936 நவம்பரில் வேலைநிறுத்தம். 1937 மார்ச்சில் மறுபடியும் வெடித்தது, இந்த முறை சுரங்கத்தையே தொழிலாளர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அதை முறியடித்தது. தோட்டத்து வேலைநிறுத்தங்களைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம், பத்து ஆராங்கை நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம், 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தாக்குதல். கடைசியில் ரயில்கள் டீசலுக்கு மாற, கரிக்கு ஆள் இல்லாமல் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்டு வந்த பகுதி. சுரங்கத்தை மூடினால், தோண்டிய இடம் எங்கே போகும்?

[திரையில்: தூண்களும் அறைகளுமான சுரங்கத்தின் வரைபடம்]

நிலத்தடியில் கரி வெட்டுகிறவர்கள் மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். இடையிடையே கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். அறை, தூண், அறை, தூண் என்று போகும். ஆள் வேலை செய்யும்வரை மரச்சட்டம் கொடுத்து, தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து, பார்த்துக்கொள்வார்கள். மூடிய மறுநாளே பம்ப் நின்றுவிடும். தண்ணீர் ஏறும், மரம் உளுத்துப்போகும், தூண்களின் ஓரம் உதிரும். ஒருநாள் அறையின் கூரை விழும். அதற்கு மேலே இருக்கும் பாறைக்கு இப்போது பிடிமானம் இல்லை, அதுவும் விழும். அப்படியே அந்த வெற்றிடம் படிப்படியாக மேலே, நம் வீட்டை நோக்கி ஏறிவரும்.

பயமாக இருக்கிறதா? பொறுங்கள், இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. ஒழுங்காக அடுக்கிய செங்கல் அடுக்கைச் சரித்துவிட்டுப் பாருங்கள். அதே கல்தான், ஆனால் முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், நடுவில் சந்து விழுவதால். பாறையும் அப்படித்தான். உடைந்து விழ விழ இடம் நிரம்பும், ஒரு கட்டத்தில் வெற்றிடம் தானே அடைபட்டுவிடும். கணக்குப் போடலாம்: அறையின் உயரம் 3 மீட்டர், உடைந்த பாறை 30 விழுக்காடு கூடுதல் இடம் எடுக்கிறது என்றால், ஏறக்குறைய 10 மீட்டர் மேலே ஏறுவதற்குள் அது நின்றுவிடும். அறை 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 8 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஒருநாள் காலையில் கொல்லைப்புறத்தில் குழி!

அதனால் ஆழம் எவ்வளவு, அறையின் உயரம் எவ்வளவு என்ற இரண்டும்தான் முக்கியம். பத்து ஆராங்கின் கரிப்படுகை தடிமனானது. மேல் படுகை சில இடங்களில் 15 மீட்டர் வரை வரும். தடித்த படுகையில் எடுக்கும் கரியும் அதிகம், விடும் வெற்றிடமும் அதிகம். தாழ்ந்த கூரையின் காரணம் புரிகிறதா? கனம் குறைந்தால் கீழே உள்ள தூண்களுக்கும் பாரம் குறையும்.

சில நாடுகளில் மூடிய சுரங்கத்துக்குள் மணலையும் தண்ணீரையும் கலந்து குழாய் வழியாக இறக்கி நிரப்புவார்கள். செலவு கூடத்தான், ஆனால் நிலம் திரும்பக் கிடைக்கும். எந்தத் தெருவுக்குக் கீழே எந்த அறை என்று தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். பழைய சுரங்க வரைபடங்கள் ஒரு ஊருக்கு வீட்டுப் பட்டா மாதிரி முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

திறந்தவெளியில் தோண்டிய குழிகள் இன்று குளங்களாகிவிட்டன. மீன் பிடிக்கப் போகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஓரம் செங்குத்தாக இறங்கும், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

இன்னொன்று, தம்பி தங்கைகளே, இதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய சுரங்க வாய் எங்காவது கண்ணில் பட்டால் டார்ச் லைட்டோடு உள்ளே நுழையாதீர்கள். மூடிக்கிடக்கும் கரி காற்றில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். நாற்றமும் வராது, புகையும் வராது, பத்து அடியில் மயங்கி விழுவீர்கள். தூக்கப் போகிறவரும் விழுவார்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ பத்து ஆராங்கில் வேலை செய்தவர்களா? அவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துப் பேசி, போனில் பதிவு செய்துவிடுங்கள். எந்தச் சுரங்கம், என்ன வேலை, எந்த லயத்தில் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டு, படம், எது இருந்தாலும் கீழே கருத்தில் எழுதுங்கள். அடுத்த வீடியோ 1937 வேலைநிறுத்தம் பற்றியது, அதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலையும் சேர்க்கப் போகிறேன்.