நடுவழியில் இருந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டுப் பாதை என்றதும், சீனாவில் கிளம்பிய ஒட்டகக் கூட்டம் நேராக ரோமாபுரியில் போய் நின்றதாகப் பலரும் நினைக்கிறோம். முழு வழியும் போனவர்கள் மிக அரிது. சரக்கு போனது, ஆள் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு வியாபாரி அடுத்த சந்தை வரை கொண்டுபோய் விற்பார். அங்கே வாங்கியவர் அதற்கடுத்த ஊருக்குக் கொண்டுபோவார். கைமாறக் கைமாற விலையும் ஏறும். அதனால் இந்தப் பாதையின் கதையை நடுவில்தான் தேட வேண்டும் என்பேன்.

சிரியப் பாலைவனத்தில் பால்மைரா என்றொரு நகரம். கி.பி. 137இல் தன் வரி விகிதங்களைக் கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேயத்திலும் கல்லில் வெட்டி வைத்தது. ஒட்டகச் சுமைக்கு ஒரு வரி, கழுதைச் சுமைக்கு வேறு. வாசனைத் தைலம் கல் ஜாடியில் வந்தால் அதிகம், ஆட்டுத்தோல் பையில் வந்தால் குறைவு. வழிப்போக்குச் சரக்கால்தான் அந்த ஊருக்கு அத்தனை செல்வம்!

கிழக்கே, மத்திய ஆசியாவில் சமர்கந்து பக்கத்துச் சோக்தியர்கள் பேர்போன வணிகர்கள். 1907இல் சீனாவின் மேற்கு எல்லையோர ஊரான துன்ஹுவாங் அருகே ஓர் இடிந்த காவல் கோபுரத்தில் அவர்களுடைய கடிதங்கள் கிடைத்தன. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதத்தில் எழுதியவை. சரக்கு, விலை, கலவரம் என்று வணிகச் செய்திகளுக்கு நடுவே மியூனாய் என்ற பெண்ணின் கடிதமும் இருக்கிறது. கணவன் அவளை துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கையில் காசில்லை, ஊர் திரும்ப வழியில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருக்கலாம் என்று எழுதுகிறாள். அந்தக் கடிதம் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. பண்டைய வணிகத்தின் லாபக் கணக்கைப் பேசும்போதெல்லாம் இவளையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பட்டு வெறும் ஆடம்பரத் துணியாக மட்டும் இருக்கவில்லை. சீனாவை ஆண்ட தாங் அரசு தன் மேற்கு எல்லைப் படைகளுக்குப் பட்டுச் சுருள்களையே பணமாக அனுப்பியது. அது அங்குள்ள சந்தைகளில் புழங்கியது.

சரக்கு போன வழியில்தான் துறவிகளும் போனார்கள். பல மொழி பேசும் ஊர்களில் வளர்ந்தவர்களே நல்ல மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஆனார்கள். குமாரஜீவர் அப்படிப்பட்டவர். பிறந்தது பாதையோர நகரமான குச்சாவில். தந்தை இந்தியர், தாய் குச்சா அரச குடும்பத்தவர். சமஸ்கிருதமும் சீனமும் கற்றவர். 401இல், அன்று சீனாவில் இருந்த அரசுகளில் ஒன்றின் தலைநகரான சாங்கானுக்கு வந்து பௌத்த நூல்களைச் சீனத்தில் தந்தார். அவர் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தைச் சீனாவிலும் ஜப்பானிலும் இன்றும் ஓதுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.