"சிஸ்டத்தில் அப்படித்தான் வருது" என்பது ஒரு காரணமா?

அடுத்த கேள்வி. "ஐயா, அதிகாரி என்றால் ஆள் பார்த்து முடிவெடுப்பார், லஞ்சமும் கேட்பார். அரசு முடிவுகளை ஏஐயிடம் விட்டால் எல்லாருக்கும் ஒரே நியாயம் கிடைக்காதா? தப்பாகப் போனால் வழக்குப் போட முடியுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அரசு உதவித்தொகை வாங்கியவர்களிடம் கணினியே கணக்குப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட திட்டம் அது, 'ரோபோடெப்ட்' என்று பெயர். அது இன்றைய ஏஐ கூட இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

அங்கே வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் சென்டர்லிங்க் என்ற அரசு அமைப்பின் மூலம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை வரும். அந்த இரண்டு வாரத்தில் சம்பாத்தியம் கூடினால் தொகை குறையும். ஒரு மாணவர் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு மாதம் வேலை இல்லை, அப்போதுதான் உதவித்தொகை வாங்குகிறார். ஒரு தப்பும் இல்லை. கணினி என்ன செய்தது? வருமான வரித் துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை வாங்கி 26ஆல் வகுத்தது. இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர். சரி, அப்படியானால் வேலை இல்லாத நாளிலும் நீ சம்பாதித்திருக்கிறாய், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் போய்விட்டது. இல்லை என்றால், சில வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து நீதான் நிரூபிக்க வேண்டும்.

தம்பி, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வகுத்தல் சரி. ஆனால் கடன் இருக்கிறது என்று சொல்பவர்தானே அதை நிரூபிக்க வேண்டும்? அந்தச் சுமையைச் சத்தமில்லாமல் ஏழையின் தலையில் இறக்கிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது இப்படிக் கடன் விழுந்தது. வருமான வரி ரீஃபண்டையே பறிகொடுத்த ஒரு பெண் வழக்குப் போட்டார். அந்தக் கடனுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2019 நவம்பரில் அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிறகு முன்னாள் நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. இந்தக் கடன் நெருக்கடியில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வகுத்தல் கணக்கையாவது பேப்பரில் போட்டுப் பார்த்துத் தப்பைக் காட்டலாம். ஏஐ மாடல் ஒருவரை 'சந்தேகத்துக்குரியவர்' என்று ஒதுக்கினால், ஏன் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கே தெரியாது. "சிஸ்டத்தில் அப்படித்தான் வருது" என்பார்.

நம் நாட்டில் வழக்குப் போட முடியுமா என்றால், தாராளமாக முடியும். உத்தரவுக்குக் காரணம் சொல்வது இயற்கை நீதியின், அதாவது நியாயமாக முடிவெடுப்பதற்கான அடிப்படை விதிகளின், ஒரு பகுதி என்று 1990லேயே உச்ச நீதிமன்றம் எஸ்.என். முகர்ஜி வழக்கில் சொல்லிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(d) பிரிவும், நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தர வேண்டும் என்கிறது. அதனால் உங்கள் மனு நிராகரிக்கப்பட்டால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தீர்கள், முடிவெடுத்த அதிகாரி யார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்ட மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.