நாலணாவில் ஒரு கடி: பிழை நாணயம் எது, சேதமான நாணயம் எது?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு 25 பைசா. மேல் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை.]

வணக்கம். காண்டாமிருகம் போட்ட இந்த எவர்சில்வர் நாலணா ஞாபகம் இருக்கிறதா? 1988-ல் வந்தது. 2011 ஜூன் மாதத்தோடு செல்லாக்காசு ஆகிவிட்டது. ஆனால் என் கையில் இருக்கும் இந்த ஒன்றை நான் யாருக்கும் தர மாட்டேன். மேல் ஓரத்தைப் பாருங்கள், யாரோ கடித்து வைத்தது போல இருக்கிறது. வெளியே யாரும் வெட்டவில்லை, நாணயச்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது.

அதை எப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், நாணயம் தயாராகும் விதத்தைத் தெரிந்துகொண்டதால்தான்.

[திரையில்: மாவில் டம்ளரால் வட்டம் வெட்டும் காட்சி.]

பூரி மாவைப் பெரிதாகத் தேய்த்து, டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா? நாணயத்துக்கும் நீளமான உலோகத் தகட்டை அப்படித்தான் வெட்டுகிறார்கள். தகடு சரியாக நகராமல், ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு கொஞ்சம் விழுந்தால், பிறை அளவுக்குக் குறைந்த வட்டம் வரும். இதைத்தான் சேகரிப்பவர்கள் கிளிப் என்கிறோம்.

சரி, அரம் வைத்து ராவினாலும் இதே வடிவம் வருமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தடயம் இருக்கிறது. வெட்டிய வட்டத்தை இரு பக்கமும் அழுத்தி உருட்டி, விளிம்பை எழுப்புவார்கள். கடி இருக்கும் இடம் அந்த இடுக்கில் வரும்போது பிடிமானம் இருக்காது. அதனால் அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குறைந்து, விளிம்பு சரியாக எழும்பாது. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர்.

[திரையில்: அதே நாலணாவின் கீழ் ஓரம், மிக அருகில்.]

இதோ, கடிக்கு நேர் எதிரே விளிம்பு மங்கிப் போயிருக்கிறது. எல்லா கிளிப்பிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனால் தெரிந்தால் அது வலுவான சாட்சி. நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து ஒரு கிளிப் நாணயம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எதிர் விளிம்பு கச்சிதமாக எழும்பி நிற்கிறது, கடித்த இடத்தில் அரத்தின் கீறல்கள். அன்றிலிருந்து, கடியைப் பார்ப்பதற்கு முன்பே எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறேன்.

அடுத்தது, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராத ஒரு பிழை. இங்கிலீஷில் பிராக்கேஜ் என்பார்கள், நம் நாட்டு நாணய வியாபாரிகள் லாக்கி என்பார்கள். மேலும் கீழும் இரண்டு அச்சுகள் இடிக்கும்போது நடுவில் இருக்கும் வட்டத் தகடு நாணயமாகிறது. அடித்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால்? அடுத்து வரும் தகடு அந்தக் காசின் மேல் போய் மோதும். ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல எழும்பி நிற்கும். திருப்பினால் பூ இருக்காது. அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கும். ஒட்டிய காசு அடி வாங்க வாங்கப் பரந்து நசுங்கும், அதனால் பின்னால் வருபவற்றில் உருவம் கலங்கிவிடும். துல்லியமாக இருப்பது முதல் அடியில் வந்தது. அதற்குத்தான் மதிப்பும் அதிகம்.

அடுத்த பிழை, எழுத்து இரட்டையாகத் தெரிவது. அதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு அச்சைத் தயாரிக்க, அதில் உருவத்தை ஒரு முறைக்கு மேல் அழுத்திப் பதித்தபோது, இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பி விழுந்துவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரண்டு இரண்டாகத் தெரியும் சென்ட்கள் சுமார் 20,000-க்கு மேல் வெளியே போயின. அப்போது தானியங்கி இயந்திரத்தில் ஒரு பாக்கெட் சிகரெட் 23 சென்ட். கால் டாலர் போட்டால், மீதி 2 சென்ட் பாக்கெட்டின் உறைக்குள்ளேயே இருக்கும். பலருக்கு இந்தக் காசு அப்படித்தான் கிடைத்தது. நம் ஊர்க் காசுகளில் இரட்டை எழுத்து என்று விற்பவை பலவும் அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்த தட்டையான நிழல்தான். அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

சேதத்தைப் பிரித்தறிய இன்னொரு வழி: மேடா, பள்ளமா என்று விரல் நகத்தால் தடவுங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறும், அதனால் காசில் கோடு மேடாக வரும். பள்ளமான கோடு பெரும்பாலும் வெளியே பட்ட கீறல். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட, ஆண்டுக்குக் கீழே உள்ள குறியையும் குறித்துக்கொள்ளுங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே விரிசல் உள்ள இரண்டு காசுகள் கிடைத்தால், அவை ஒரே அச்சில் பிறந்தவையா என்று இந்தக் குறியை வைத்துத்தான் தேடத் தொடங்குவேன்.

விலை பற்றி ஒரே ஒரு வார்த்தை. அம்மன் படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, அது பிழை நாணயமே இல்லை, வைஷ்ணோ தேவி நினைவாக வெளியிட்டது. பழைய காசை வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று, அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

[திரையில்: இரு விரல்களுக்கு நடுவே ஒரு ரூபாய், மெதுவாகச் சுழல்கிறது.]

இப்போது வீட்டில் இருக்கும் சில்லறை டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காசின் தலைப்பக்கத்தை நேராக வைத்து, மேலும் கீழும் விரலால் பிடித்து, பம்பரம் போல அரைச் சுற்று சுற்றுங்கள். இந்தியக் காசில் பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், அச்சு தன் பிடியில் தளர்ந்து திரும்பியிருக்கிறது. லேசான சாய்வை நான் விட்டுவிடுவேன். கால் சுற்றுக்கு மேல் திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காமல், அப்படியே ஒரு காகித உறையில்.