பிணைக்கு ஆர் வருவினம்?
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அவையோரே,

நாடு தழுவிய இயக்கங்கள் தொழில்முயற்சியாளருக்கு என்ன செய்கின்றன என்று பேசும்படி பணித்திருக்கிறீர்கள். 2018 ஜூனில், அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில் தொடங்கப்பட்ட ‘என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா’விலிருந்து தொடங்குகிறேன். வங்கிகள் கடன் கொடுத்தன. வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்றது. வட்டிச் சலுகை நமக்குப் புதிதல்ல. அதன் கண்காட்சி கொழும்பில் தொடங்காமல் மொனராகலையில் தொடங்கி, மறு ஆண்டு அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணம் முற்றவெளிக்கும் போனதுதான் புதிது.

முற்றவெளிக்கு என் சின்னம்மாவை நான் கூட்டிச் சென்றேன். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து விற்பவர் அவர். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் அத்தாட்சி, சேமிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி, மடியில் வைத்தபடி வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தைக் கையில் வாங்கி, நிரப்பத் தெரியாமல் திரும்பியவர் அவர். அன்று மேசைக்கு எதிரே இருந்த பிள்ளை கடன் திட்டத்தைத் தமிழில் விளக்கியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சின்னம்மா கேட்டது ஒரே கேள்வி: “அதெல்லாம் சரி பிள்ளை, பிணைக்கு ஆர் வருவினம்?”

இத்தகைய இயக்கங்களின் வலிமையும் குறையும் அந்த ஒரு மேசையிலேயே தெரிந்தன. தூரத்தையும் தயக்கத்தையும் அவை குறைக்கின்றன. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த சமூகத்தில், சொந்தத் தொழில் மதிப்புக்குரியது என்று அரசே ஊர் ஊராக வந்து சொல்வது சிறிய காரியமல்ல. ஆனால் காணி உறுதியோ, பிணை நிற்க அரச உத்தியோகத்தில் உறவினரோ இல்லாதவருக்கு, வட்டி எவ்வளவு குறைந்தாலும் கதவு திறப்பதில்லை.

கணினித் துறையில் புதிதாக நிறுவனம் தொடங்கும் இளைஞருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அவரிடம் இருப்பது மடிக்கணினியும் ஒரு யோசனையும் மட்டுமே. அவற்றை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? இந்தியா 2016 ஜனவரி 16 அன்று தொடங்கிய ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ இயக்கத்தோடு 10,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்றையும் அறிவித்தது. அந்தப் பணம் நேரே கடனாகப் போவதில்லை. முதலீட்டு நிதியங்களுக்குப் போய், அவற்றின் வழியாக நிறுவனங்களில் பங்கு முதலாகிறது. தொழில் தோற்றால் நிறுவியவரின் தகப்பனார் கட்டிய வீடு ஏலத்துக்கு வராது.

இங்கே நிலைமை வேறு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் செல்லாமலே ஏலமிடலாம். இதைப் பராட்டே அதிகாரம் என்பார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் கடன் வட்டிக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மேடைகளின் உற்சாகத்தை நம்பிக் கடன்பட்ட சிறுதொழில் முயற்சியாளர் பலர் திணறினர். 2024 இல் அந்தப் பராட்டே அதிகாரத்தை அரசே தற்காலிகமாக நிறுத்தி வைக்க நேர்ந்தது. துணிந்து இறங்குங்கள் என்று ஊரை அழைத்தவர்கள், வெள்ளம் வந்தபோதும் கரையில் நின்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி நிற்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ‘யாழ் ஐ.டி. ஹப்’ தொண்டர்கள் மாணவர்களுக்குப் போட்டி நடத்துவதோடு, துறை அனுபவம் உள்ளவர்களை அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் சேர்த்து விடுகிறார்கள். சின்னம்மாவுக்கு இரண்டு பிணையாளர்களை நாங்கள் தேடிக் கொடுத்தோம். பொதிக்கு வாய் ஒட்டும் இயந்திரமும் வந்தது. அதன் பின்னர் அவருடைய கணக்கைப் பார்த்து, விலையை எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர ஒருவரும் வரவில்லை.

இந்த மண்டபத்தில் ஓய்வுபெற்ற கணக்காளர்களும் வங்கி முகாமையாளர்களும் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையிலும் இங்கேயும், தொழில் தொடங்கியவர்களோடு இரண்டு மணிநேரம் தமிழில் அமர்ந்து கணக்குப் பார்க்க முடியுமா என்று உங்களைக் கேட்கவே நான் வந்தேன். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயரையும் வசதியான சனிக்கிழமையையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.