போர்செனா மன்னரின் பொருட்கள் ஏலத்துக்கு

வணக்கம் நேயர்களே. ரோம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் கண் முன்னால் வருவது ஒரு ஓநாயும் அதன் மடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளும்தான். ரோமை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ரோமுலஸும் அவருடைய இரட்டைச் சகோதரர் ரீமஸும்தான் அந்தக் குழந்தைகள், ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றியது என்பது கதை. புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள், வீட்டில் கால்பந்து பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் ரோமா அணியின் சின்னத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வெண்கலச் சிலை ரோம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள குழந்தைகள் 15-ஆம் நூற்றாண்டில்தான் சேர்க்கப்பட்டவர்கள். சரி, ஓநாயாவது 2,500 வருடம் பழையது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வார்ப்பு முறையை ஆராய்ந்து, கரிமக் காலக்கணிப்பும் செய்து பார்த்ததில், 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டில் வார்த்ததாக இருக்கலாம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிலை புதியதாக இருந்தாலும் கதை புதியதல்ல. கி.மு. 296-இலேயே ஓநாய்க்கும் இரட்டையருக்கும் ரோமில் சிலை வைத்ததாக லிவி எழுதியிருக்கிறார். ஒரு கதை எவ்வளவு பழையது என்பது ஒரு கேள்வி, அது நடந்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் ரோமின் தொடக்கக் கதைகளைப் படிக்கிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு.

லிவி என்று சொன்னேன், அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமின் வரலாற்றை 142 புத்தகங்களாக எழுதியவர், அவற்றில் 35 நமக்குக் கிடைத்திருக்கின்றன. ரோம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 753. அவர் எழுத உட்கார்ந்தபோது அதற்கு மேல் 700 வருடம் ஓடிவிட்டது. அவருக்கு முன்னால், ரோமர்களில் முதன்முதலாக வரலாறு எழுதிய ஃபேபியஸ் பிக்டர்கூட கி.மு. 200-ஐ ஒட்டித்தான் எழுதுகிறார், அதுவும் கிரேக்க மொழியில். இடையில் கால் (Gaul) என்ற இனத்தவர் கி.மு. 390 வாக்கில் நகரத்தைப் பிடித்துக் கொளுத்தியபோது பழைய ஆவணங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின என்று லிவியே சொல்கிறார். அப்படியானால் எஞ்சியது என்ன? பெரிய குடும்பங்களின் நினைவுகள், முன்னோர் பெருமை, இறுதிச் சடங்கில் பேசுகிற புகழுரைகள். சாவு வீட்டில் இறந்தவரைப் பற்றி நாம் யாராவது குறை சொல்வோமா? ரோமிலும் அப்படித்தான். அந்தப் புகழுரைகளால் நம் வரலாற்றில் பொய்கள் ஏறிவிட்டன, நடக்காத வெற்றி ஊர்வலங்கள்கூட நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று ரோமின் பேச்சாளர் சிசெரோ வருத்தப்பட்டிருக்கிறார்.

மன்னர்களின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமுலஸ் தொடங்கி ஏழு மன்னர்கள், கி.மு. 753 முதல் 509 வரை, 244 வருடம். ஆளுக்குக் கிட்டத்தட்ட 35 வருடம் வருகிறது. தொட்டிலிலேயே முடிசூட்டப்பட்ட பிள்ளைகள் என்றால் நம்பலாம். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதுவும் கதைப்படியே ஒருவர் புயலில் மறைகிறார், ஒருவர் மின்னல் தாக்கிச் சாகிறார், இரண்டு பேர் கொலையாகிறார்கள், கடைசி ஆள் துரத்தப்படுகிறார். கணக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, காலம் நீட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சில மன்னர்கள் மறக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது சாத்தியத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது எனக்குப் பல வருடமாகப் பிடித்த ஆளுக்கு வருகிறேன். போர்செனா. ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர் என்ற இனத்தாரின் குளூசியம் நகரத்து மன்னர். ரோமர்கள் தங்கள் கடைசி மன்னர் டார்குவினைத் துரத்தியதும், அவரைத் திரும்ப ஏற்றிவைக்கப் பெரும் படையோடு வந்தாராம். அப்போது ஹொரேஷியஸ் என்ற வீரர் டைபர் நதிப் பாலத்தின் முனையில் நின்று, பின்னால் பாலத்தை வெட்டிச் சாய்க்கும்வரை எதிரியைத் தடுத்துவிட்டு, நீந்திக் கரையேறுகிறார். பிறகு மூசியஸ் என்ற இளைஞர் மன்னரைக் கொல்ல முகாமுக்குள் நுழைந்து, ஆள் தெரியாமல் மன்னரின் எழுத்தரைக் குத்திவிடுகிறார். பிடிபட்டதும் தன் வலது கையை நெருப்பில் வைத்து எரியவிட்டபடி, என்னைப் போல இன்னும் 300 பேர் காத்திருக்கிறார்கள் என்கிறார். போர்செனா மலைத்துப்போய்ச் சமாதானம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். அழகான கதை, நானும் சின்ன வயதில் இந்தக் கதையில் மயங்கித்தான் ரோமுக்குள் போனேன்.

ஆனால் மற்றவர்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹொரேஷியஸ் நீந்திக் கரையேறவில்லை, ஆற்றிலேயே இறந்துவிட்டார் என்கிறார் லிவிக்கு முந்திய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். கி.பி. 69-இல் கேப்பிடோலியக் கோயில் எரிந்ததைப் பற்றி எழுதும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், நகரம் தன்னிடம் சரணடைந்தபோதுகூடப் போர்செனா அந்தக் கோயிலைத் தொடவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். சரணடைந்தபோது! மூத்த பிளினி என்ற ரோம எழுத்தாளர் இன்னொரு துண்டைத் தருகிறார்: போர்செனா ரோமர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில், இரும்பை உழவுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று இருந்ததாம். அதாவது ஆயுதம் வடிக்கக் கூடாது. இது சமாதானம் பேசியவன் போடும் நிபந்தனையா, ஜெயித்தவன் போடும் நிபந்தனையா? நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் வேறொன்றும் இடிக்கிறது. போர்செனா ரோமைப் பிடித்திருந்தால் டார்குவின் ஏன் திரும்ப அரியணை ஏறவில்லை? அதனால்தான், டார்குவினைத் துரத்தியதே போர்செனாவாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சுதந்திரம் பிறந்த கதைக்குள் ஒரு தோல்வி புதைந்து கிடக்கிறது, அதை மூட ஹொரேஷியஸும் மூசியஸும் தேவைப்பட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லிவி சொல்லும் ஒரு சின்ன விஷயம். பொருட்களை ரோமில் ஏலம் விடும்போது, ‘போர்செனா மன்னரின் பொருட்களை விற்கிறோம்’ என்று ஒரு சடங்காகச் சொல்லும் வழக்கம் லிவி காலத்திலும் இருந்ததாம். கிட்டத்தட்ட 500 வருடம்! இவ்வளவு மரியாதையாகப் பிரிந்துபோன மன்னரின் பொருட்களை ஏலம் போடுவதாக ஏன் சொல்ல வேண்டும் என்று லிவிக்கே புரியவில்லை. போர்செனா திரும்பிப் போகும்போது முகாமில் விட்டுச்சென்ற உணவுப் பொருட்களை விற்றதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் தேடிப் பார்க்கிறார். கதையை மாற்றி எழுதிவிடலாம். ஏலக்காரர் வாயில் ஊறிப்போன வார்த்தையை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். ஒரு பழங்கதை அதைச் சொல்கிறவருக்குப் பெருமை சேர்த்தால் மெதுவாக நம்புங்கள். சொல்கிறவருக்குத் தலைகுனிவைத் தருகிற ஒரு செய்தி, அப்படியும் அழியாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே நின்று தோண்டுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மறக்கப்பட்ட மன்னர் என்று சொன்னேன் இல்லையா, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1857-இல் வுல்சி என்ற பழைய எட்ருஸ்க நகரத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். சுவரில் ஒரு சண்டைக் காட்சி, ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் பெயர். அதில் மக்ஸ்தர்னா என்பவன் கட்டுண்ட தன் நண்பனை விடுவிக்கிறான், வேறொரு பக்கம் ‘ரோம் நகரத்து நேயஸ் டார்குவின்’ குத்தப்படுகிறான். ரோமர்களின் பட்டியலில் இரண்டு டார்குவின்கள் உண்டு, இரண்டு பேருமே லூசியஸ்கள். நேயஸ் என்று ஒருவருமில்லை! எட்ருஸ்கர் வரலாற்றைக் கரைத்துக் குடித்த பேரரசர் கிளாடியஸ், கி.பி. 48-இல் ரோம் செனட்டில் பேசும்போது, நாம் சர்வியஸ் டுல்லியஸ் என்று அழைக்கும் ஆறாவது மன்னரை எட்ருஸ்கர்கள் மஸ்தர்னா என்பார்கள் என்று சொன்னார். கல்லறைச் சுவரில் பார்த்த மக்ஸ்தர்னா என்ற அதே பெயர்தான். அந்தப் பேச்சைப் பொறித்த வெண்கலத் தகடு 1528-இல் லியோனில் கிடைத்தது, இன்றும் அங்கே இருக்கிறது. ஒரு பேரரசரின் பேச்சும் ஒரு கல்லறைச் சுவரும் லிவி சொல்லாத ஒரு ரோமைக் காட்டுகின்றன.

1899-இல் ரோமின் பழைய சந்தைத் திடலில் கறுப்புக் கல் தளத்துக்கு அடியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது, கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பெரும்பகுதி புரியவில்லை, ஆனால் ‘மன்னர்’ என்ற சொல் மட்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதைப் பற்றிப் பேச நேரமில்லை. நன்றி, வணக்கம்.