நோட்டுப் புத்தகம் கேட்கும் விளையாட்டுகள்

(ஒரு வெள்ளிக்கிழமை மாலை நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பள்ளிச் சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், "அப்படி என்னதான் இருக்கிறது அதில்?" என்று பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

பழைய கணினி ரோல்பிளேயிங் விளையாட்டுகள், அதாவது நாம் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் ஆர்பிஜி விளையாட்டுகள், இன்றும் விளையாடத் தகுந்தவையா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரம் உள்ளவர்கள் எம்ஆர்டி ரயில் பிடிக்கப் போகலாம். பெரும்பாலானவை தேவையில்லை. ஒரு கைப்பிடி அளவு, கட்டாயம் தேவை. அந்தக் கைப்பிடியை எப்படிப் பொறுக்குவது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

பழையது என்று நான் சொல்வது ஏறத்தாழ 1981 முதல் 2004 வரை வந்தவற்றை. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசும் விளையாட்டு. கதை சொல்லும் அந்த ஒருவரின் வேலையைக் கணினியிடம் கொடுக்க முடியுமா என்று பார்த்தவர்களிடமிருந்து பிறந்தவை இவை. 1981இல் விசார்ட்ரியும் அல்டிமாவும் வந்தன. அன்றைய ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் கிலோபைட் கணக்கு. ஒரு பூதத்தை ஒழுங்காக வரையக்கூட இடமில்லை. ஆகவே கணினியால் முடியாததையெல்லாம் விளையாடுபவர் தலையில் கட்டினார்கள்.

அதை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் என் அளவுகோல் இருக்கிறது. சில விளையாட்டுகள் நம்மிடம் வெறும் சுமையைக் கொடுத்தன. சில விளையாட்டுகள் பொறுப்பைக் கொடுத்தன.

சுமையை முதலில் பார்த்துவிடுவோம். விசார்ட்ரியில் பத்துத் தளங்கள், ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டம். திரையில் வரைபடம் கிடையாது. கணக்குப் பாடத்துக்கு வாங்கிய கட்டத்தாளில் நாமே வரைய வேண்டும். நீங்கள் வழிநடத்தும் வீரர் கூட்டம் மொத்தமும் நிலவறையில் செத்துவிட்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். புதிதாக ஒரு கூட்டத்தைத் திரட்டி, வளர்த்து, போய்த் தூக்கி வர வேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம், அதுவும் தவறினால் ஆள் சாம்பல். சாம்பலும் தவறினால் அந்தப் பாத்திரம் நிரந்தரமாகப் போயிற்று. இதில் ஒரு சிலிர்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப்பாடம், துணைப்பாட வகுப்பு, தேசிய சேவை, வேலை என்று ஓடுகிற ஒருவரிடம் இதை எடுத்து நீட்ட எனக்கு மனமில்லை. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024இல் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. பழைய ஆப்பிள் 2 திரையையும் கூடவே காட்டுகிறது. ஆர்வம் இருந்தால் அதைப் பாருங்கள். அது போதும்.

1998இல் வந்த பால்டர்ஸ் கேட்டிலும் சுமை இருக்கிறது. அதன் விதிகளில் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். எண் கூடினால் நல்லது என்று நினைத்து கனமான சட்டையைக் கழற்றிவிட்டு லேசானதை மாட்டும் புதியவரைக் குறை சொல்ல முடியாது. முதல் நிலை மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்க வேண்டும், நடுவில் ஓநாய் வந்தால் கதை முடிந்தது. நான் விரும்பும் விளையாட்டுதான். இருந்தாலும் அதன் தொடக்க மணிநேரங்கள் புதியவரை விரட்டுகின்றன.

இனி பொறுப்பு. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அல்டிமாவை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் தன் முதல் மூன்று அல்டிமாக்களில் எல்லாரையும்போல ஒரு வில்லனை வைத்தார். விளையாடியவர்கள் என்ன செய்தார்கள்? ஊர் மக்களைக் கொன்றார்கள், கடைகளில் திருடினார்கள், வில்லனை வென்று மாவீரர் பட்டமும் வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு வந்த கடிதங்கள் அவரை யோசிக்க வைத்தன. 1985இல் அல்டிமா 4 வந்தபோது அதில் பெரிய வில்லனே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளில் தேற வேண்டும். அதுதான் விளையாட்டின் நோக்கம்.

பாத்திரத்தை உருவாக்கும் இடமே வேறு மாதிரி. ஒரு நாடோடிப் பெண் சீட்டு எடுத்து வைத்துக் கேள்வி கேட்பாள். எண்ணிப் பார்க்காத பொன் முடிப்பு ஒன்றைக் கொண்டுசேர்க்கச் சொல்லி உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வழியில் ஒரு பிச்சைக்காரர். முடிப்பை அப்படியே சேர்ப்பாயா? ஒரு காசை எடுத்துக் கொடுப்பாயா? யாருக்கும் தெரியப் போவதில்லை. நேர்மைக்கும் இரக்கத்துக்கும் நடுவே ஒன்றைத்தான் எடுக்கலாம். நம் ஊர்ப் பட்டிமன்றத்துக்குக் கொடுத்தால் மூன்று மணிநேரம் ஓடும். இப்படிக் கேட்டுக்கேட்டு, கடைசியில் எந்தப் பண்பு மிஞ்சுகிறதோ அதை வைத்து நீங்கள் யார் என்று விளையாட்டு முடிவு செய்கிறது.

அப்புறம் கடைக்குப் போகிறோம். மந்திர மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு தருகிறீர்கள் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் நன்றி சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுவார். மணி அடிக்காது, சிவப்பு எழுத்து வராது. எங்கோ உள்ளே நேர்மைக் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். தீய பகைவனிடமிருந்து ஓடினால் வீரம் குறையும். "நீ பெரிய ஆளா?" என்பதுபோல் யாராவது கேட்கும்போது "ஆமாம்" என்றால் பணிவு போயிற்று. கணக்கு எப்படி இருக்கிறது என்று அறிய அரண்மனையில் இருக்கும் ஹாக்வின்ட் என்ற ஞானியைத்தான் கேட்க வேண்டும். அவரும் எண் எதையும் சொல்ல மாட்டார், ஜாடையாகத்தான் பேசுவார்.

இன்றைய விளையாட்டுகளில் நல்லது செய்தால் உடனே திரை மூலையில் ஒரு அறிவிப்பு வந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு நாம் அறிவிப்புக்காக நல்லவராகிறோம். 40 ஆண்டு பழைய அல்டிமா 4 யாரும் பார்க்காதபோது நீ என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அதன் சண்டைகள் சலிப்பு, படங்கள் சின்னச் சின்னச் சதுரங்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அதைத் தாண்டியவை மிகக் குறைவு. இப்போது கணினி விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

விளையாடுபவரிடம் வேலை கொடுத்த இன்னொன்று, 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ். கணினி வட்டில் இடம் போதாததால் கதைப் பகுதிகளைத் தனிப் புத்தகமாக அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். "இத்தனையாவது குறிப்பைப் படி" என்று திரை சொல்லும், நாம் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். நகல் வட்டுகள் கைமாறிய காலத்தில் புத்தகம் இல்லாமல் பாதி விளையாட்டு காணாமல் போகும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடு.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. அந்தக் கால விளையாட்டை நிறுவியவர்களுக்கு ஒரு திரை மறக்காது: "உங்கள் ஒலி அட்டை எது?" கணினியில் சத்தம் வரவைக்கும் அட்டை அது. பட்டியலில் சவுண்ட் பிளாஸ்டர் என்பதைத் தேர்ந்தெடுப்போம். சவுண்ட் பிளாஸ்டர் சிங்கப்பூர்ச் சரக்கு. 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சின்னக் கடையாகத் தொடங்கிய சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் அதைக் கொண்டுவந்தது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் மறைந்தார். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் உதவுகிறது. அதைத் திறந்ததும், உள்ளே ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 இருப்பதாகப் பாவனை செய்கிறது. பிரேசிலிலோ போலந்திலோ ஒருவர் இன்றிரவு பழைய நிலவறைக்குள் இறங்கினாலும், கதவு கிறீச்சிடும் சத்தம் நம் ஊர் அட்டையின் கணக்கில்தான் வருகிறது. பெருமைக்காகச் சொன்னேன், வாதத்துக்காக இல்லை.

வாதத்துக்குத் திரும்புவோம். 1997, ஃபால்அவுட். அணுப்போருக்குப் பின் பாதாளக் காப்பகத்தில் வாழும் மக்களின் தண்ணீர்க் கருவி பழுதாகிவிட்டது. மாற்றுச் சில்லு கொண்டுவர உங்களுக்கு 150 நாள் கெடு. தண்ணீரைப் பற்றிய கவலை சிங்கப்பூர்க்காரர்களுக்குப் புதிதில்லை, அதனாலோ என்னவோ எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. இதில் அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்து ஒரு பாத்திரத்தைப் படைத்தால், அவர் பேச்சு வெறும் முனகலாகிவிடும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பேசவே மாட்டார்கள். பேச்சுத் திறனை வளர்த்து, சரியான ஆதாரத்தையும் தேடி எடுத்திருந்தால், இறுதி எதிரியை ஒரு குண்டுகூடச் சுடாமல் வாதத்தாலேயே சாய்த்துவிடலாம். அவர் கட்டிய திட்டத்தில் அடிப்படையிலேயே ஒரு ஓட்டை. அது என்னவென்று சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள். திறன் எண்களை வெறும் அடிதடிக் கணக்காக வைக்காமல், உலகம் உங்களை எப்படி நடத்துகிறது என்பதற்கான கணக்காக வைத்தார்கள்.

அதை எல்லைவரை கொண்டுபோனது 1999இல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்ட். பிணவறை மேசையில் ஒருவன் விழித்தெழுகிறான். பெயர் தெரியாது. நினைவு கிடையாது. சாகவும் மாட்டான். செத்தால் மறுபடி எழுந்துவிடுவான். மற்ற விளையாட்டுகளில் தோல்வியாக இருக்கும் மரணம், இதில் கதையின் புதிராகிவிட்டது. இதில் எட்டு லட்சம் சொற்கள் வரை இருக்கும் என்பார்கள். வாள்வீச்சைவிட விவேகத்துக்குத்தான் பரிசு அதிகம். சண்டைப் பகுதிகள் மோசம், அதை யாரும் மறைப்பதில்லை. வந்தபோது பெரிதாக விற்கவும் இல்லை. ஆனால் 2019இல் எஸ்டோனியர்கள் உருவாக்கிய டிஸ்கோ எலிசியம் சண்டைத் திரையே இல்லாமல் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

சரி, "பால்டர்ஸ் கேட் 3 இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று பின்வரிசைத் தம்பி கேட்பது முகத்தில் தெரிகிறது. நியாயமான கேள்வி. 2023இன் சிறந்த விளையாட்டு விருதைத் தகுதியோடு வாங்கியது அது, விளையாடுங்கள். ஆனால் குரல் நடிப்பும் முகபாவனையும் வந்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை வந்துவிட்டது. நடிகர், ஒலிக்கூடம், அசைவுப் பதிவு. எழுத்து மட்டும் இருந்த காலத்தில் ஒரு கிளைக்கதை சேர்க்க எழுத்தாளருக்கு ஒரு மதியம் போதும். ஆகவே சின்னக் குழுக்கள் பைத்தியக்காரத்தனமான யோசனைகளைத் துணிந்து போட்டுப் பார்த்தன.

இன்னொன்று, வழி கேட்பது. 2002இல் வந்த மோரோவிண்டில் உங்கள் இலக்கு எங்கே என்று காட்டும் அம்புக்குறி இல்லை. "பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போ, பாதை பிரியும் இடத்தில் பாறை தெரியும்" என்று ஆள் சொல்வார், அது குறிப்பேட்டில் பதிவாகும். சில சமயம் சொன்ன வழியே தப்பாகவும் இருக்கும். கைபேசி வரைபடம் வருவதற்கு முன்னால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பெரியவர்களிடம் வழி கேட்டால் "வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, பூக்கடைப் பக்கம் திரும்பு" என்பார்களே, அதேதான். தேடிப் போகிறபோது ஊர் மனசில் பதிந்துவிடும். அதே வரிசையில் 2006இல் வந்த ஒப்லிவியனில் திசைகாட்டியில் குறி வந்துவிட்டது. வசதிதான். ஆனால் அதன் பிறகு நான் குறியைப் பார்த்து நடந்தேன், மலையைப் பார்க்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா கேட்டார்: "பையன் ஏற்கெனவே நாள் முழுக்கத் திரையில்தான் இருக்கிறான், நீங்கள் வேறு கூடுதலாகக் கொடுக்கிறீர்களே?" அவர் கவலை சரிதான், பழைய விளையாட்டும் நேரம் தின்னும். ஒரே ஒரு வித்தியாசம், இவற்றுக்கு முடிவு உண்டு. தினமும் வந்து பரிசு வாங்கு என்று நச்சரிக்காது, நடுவில் காசு கேட்காது. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன யோசனை: அல்டிமா 4இன் தொடக்கக் கேள்விகளைப் பையனோடு சேர்ந்து உட்கார்ந்து, தமிழில் சொல்லி, இருவரும் தனித்தனியாகப் பதில் எடுங்கள். ஒரு சாயங்காலம் போதும், அதற்கு மேல் விளையாடாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி எங்கே தொடங்குவது என்று கேட்டார். வந்த ஆண்டு வரிசையில் போகாதீர்கள், 1981இலேயே மாட்டிக்கொள்வீர்கள். மடிக்கணினி இருந்தால் ஃபால்அவுட், ஜிஓஜியில் வாங்கினால் தொல்லையில்லாமல் ஓடும். கைபேசியோ ஐபேடோ மட்டும்தான் என்றால் பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டின் 2017 மேம்பட்ட பதிப்பு. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக் கடினத்தைக் குறைத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாத்திரம் படைக்கும்போது விவேகத்துக்கு அள்ளிக் கொடுங்கள். எந்த விளையாட்டானாலும் கூடவே வரும் கையேட்டுக் கோப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில்.