உவமை மறைக்கவா, காட்டவா?

நடுவர் அவர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்து அவையோரே, வணக்கம்! இயேசுவின் உவமைகள் இறைவெளிப்பாட்டைக் காட்டவே என்பது எங்கள் கட்சி.

மறைக்கவே என்று சொல்லும் எதிரணித் தலைவர் மாற்கு நற்செய்தி 4:12-ஐ வாசித்தார். புறம்பே இருப்பவர்கள் கண்டும் காணாதிருக்கவே எல்லாம் உவமையாக வருகிறதாம். வாசித்தார், மூடினார், கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, பக்கத்தைத் திருப்பியிருக்கக் கூடாதா? அதே அதிகாரம் 22-ஆம் வசனம்: மறைந்திருப்பதெல்லாம் வெளிப்படவே. 33: மக்களின் கேட்டறியும் திறமைக்கு ஏற்பவே பேசினார்.

12-ஆம் வசனம் கடினமானதுதான், மழுப்பவில்லை. அது பழைய ஏற்பாட்டில் இறைவாக்கினர் எசாயாவின் நூல், 6-ஆம் அதிகாரத்தின் வாக்கு. அங்கே கடவுள் எசாயாவின் வாயைக் கட்டவில்லை. போய்ச் சொல் என்றுதான் அனுப்புகிறார். கேட்கக் கேட்க மக்களின் நெஞ்சு மரத்துப்போகும் என்பதுதான் அங்குள்ள வேதனை.

உவமை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். பிறன் மனைவி பத்சேபாவைத் தனதாக்கிக்கொண்ட தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் நேரே குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். அரசர் கொதித்தார்: அவன் சாகவேண்டும், நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும்! தீர்ப்பு வந்த பிறகுதான், அந்த மனிதன் நீயே என்றார். முதலிலேயே சொல்லியிருந்தால் தாவீது வாதாடியிருப்பார்; நாத்தானின் தலையும் போயிருக்கலாம்.

மத்தேயு நற்செய்தி 18-இல், அரசர் தம் பணியாளன் ஒருவனின் கடனை மன்னிக்கும் உவமையில் வரும் தொகைகளைக் கவனியுங்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். மன்னிக்கப்பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. முதுநகர்த் துறைமுகத்தில் கூடை தூக்குபவர் வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம் ஆகும். மன்னிப்புப் பெற்றவனோ வெறும் 100 தெனாரியத்துக்காகத் தோழனின் கழுத்தை நெரிக்கிறான். இதில் எங்கே ஐயா மூடுமந்திரம்?

மூடுமந்திரம் நாம் சேர்ப்பது. அடிபட்டுக் கிடந்தவரை வேற்று இனத்தவர் ஒருவர் சத்திரத்தில் சேர்த்துக் காப்பாற்றிய நல்ல சமாரியர் கதையில் வரும் சத்திரக்காரரைத் திருத்தூதர் பவுல் என்றார் பழங்காலத் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தினார். பெரியவர் சொன்னதுதான், ஆனால் அப்படி ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடினால், யார் அயலான் என்று கேட்டு அந்தக் கதையைச் சொல்லவைத்த சட்ட அறிஞருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதே காணாமல் போகிறது.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், இன்னும் ஒன்றுதான். விதைப்பவர் உவமை கூடவே இருந்த சீடர்களுக்கே விளங்கவில்லை. கேட்டார்கள், விளக்கம் பெற்றார்கள். ஆனால் தோட்ட உரிமையாளரின் மகனையே கொன்ற கொடிய குத்தகைக்காரர் உவமை தங்களைப் பற்றியதே என்று தலைமைக் குருக்கள் உடனே உணர்ந்தார்கள், மத்தேயு 21:45. உணர்ந்ததால்தான் அவரைப் பிடிக்க வழிதேடினார்கள். மறைப்பதற்கே உவமை என்றால், பகைவருக்கு அது புரிந்தது எப்படி? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.